கடைசி வரிக்குக் கீழே

என் மனைவி மேகலா கடைசியாகச் செய்த சாதாரண வேலை என்று என் நினைவில் நிற்பது, அவள் என்டர் விசையை ஒருமுறை அழுத்தியதுதான். அழுத்திவிட்டு விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். எங்கள் கோயிலின் பங்கு அலுவலகத்துக் கீபோர்டில் எப்போதும் ஒரு பிசுக்கு இருக்கும். "அவ்ளோதான்கா, முடிஞ்சிடுச்சு" என்று ஆரோக்கியமேரி அக்காவிடம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள். சனிக்கிழமை பிற்பகல். மறுநாள் காலை பூசைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தலை வலிக்கிறது என்றாள். அப்புறம் அவள் பேசியதெல்லாம் தெளிவாக இல்லை. ஆம்பூரிலிருந்து வேலூர் போகும்வரை ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமையைத்தான் நான் சொல்ல வேண்டும்.

எங்கள் கோயில் ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால். நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையருகே ஏற்றாத மெழுகுவர்த்தியோடு நிற்கும். முன்பெல்லாம் உபதேசியார் பெயர்களைத் தாளில் பார்த்து வாசிப்பார். தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு குடும்பம் மின்எழுத்துப் பலகை ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்ததிலிருந்து அதில் பெயர்கள் சிவப்பில் ஒவ்வொன்றாக வருகின்றன. பெயர் வந்ததும் உபதேசியார் வாசிப்பார், நாங்கள் எல்லோரும் ‘இளைப்பாறட்டும்’ என்று பதில் சொல்லுவோம், அந்தக் குடும்பம் மெழுகுவர்த்தியை ஏற்றும். பழைய கல்லறைகளில் தொடங்கும் வெளிச்சம் மெல்ல மெல்ல மதிலோரத்துப் புதிய கல்லறைகளுக்கு நகர்ந்து வரும்.

பெயர்கள் ஒரு கோப்பில் இருக்கின்றன. அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பு. வரிக்கு ஒரு பெயர், புதிதாக இறந்தவர் கடைசியில். பங்கு அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் ஆரோக்கியமேரி அக்கா அதை அடிப்பார். மேகலா ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்ததால், வீட்டிலிருந்தே திறந்து பிழை பார்க்க அதைப் பொது ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தாள். அன்றைக்கு அக்கா போன் செய்து வரச் சொன்னார். நான்தான் வண்டியில் அழைத்துப் போனேன்.

"வா பொண்ணே, வந்து பாரு. அத்தினி பேரையும் ஒரே குழியில கொட்டி வெச்சிருக்குற."

திரையில் வரிகளே இல்லை. சவரியம்மாள்தேவசகாயம்லூர்துசாமி என்று பெயர்கள் ஒட்டிக்கொண்டு ஒரே பிழம்பாக ஓடின.

"நான் இன்னாக்கா பண்ணேன்? வூட்ல தொறந்து ரெண்டு எழுத்து திருத்துனேன், அவ்ளோதான்."

"அவ்ளோதானா? எங்க வூட்டுக்காரரைப் பாரு. எவளோ சூசையம்மா மேல படுத்துனு கெடக்குறாரு."

மேகலாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவும் சிரித்துவிட்டு, உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மேகலா பழைய கோப்பை இடப்பக்கமும் புதிய கோப்பை வலப்பக்கமும் தன் லேப்டாப்பில் திறந்து ஒப்பிட்டாள். இடது முழுக்கச் சிவப்பு, வலது முழுக்கப் பச்சை. எல்லா வரிகளும் மாறியிருக்கின்றன என்று பொருள். "தோல்ல உண்ணிக்கடி கண்டுபிடிக்கிற ஆளாச்சே, நீங்க சொல்லுங்க. எது மாறியிருக்கு?" என்று என்னைக் கேட்டாள். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பிரிப்பது என் வேலை. கத்திக் கீறல், சூட்டுத் தழும்பு, பூச்சி கடித்த புள்ளி எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. வரிவரியாகப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் எல்லாமே மாறியிருப்பதாக மெஷின் சொன்னது.

"வரி முடியுற எடத்துல கண்ணுக்குத் தெரியாத குறி ரெண்டு இருக்கு" என்றாள். "அக்கா, டைப்ரைட்டர்ல ஒரு வரி முடிஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

"கைப்பிடியைத் தள்ளுவேன்."

"தள்ளுனா உருளை வரியோட தொடக்கத்துக்கு வரும், பேப்பரும் ஒரு வரி ஏறும். ரெண்டு வேலை. உங்க கம்ப்யூட்டரு பழசு, அந்த ரெண்டுக்கும் தனித்தனிக் குறி கேக்குது. என்னோடதுக்கு ஒண்ணு போதும். நான் சேவ் பண்ணப்ப இன்னொண்ணை அது முழுங்கிடுச்சு. எங்க கம்பெனில தினம் இதே பேஜார்தான்."

அவள் எதையோ தட்டினாள். பெயர்கள் உதறிக்கொண்டு தத்தம் வரிக்குத் திரும்பின. வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். மேகலா கோப்பின் அடிவரை போய் நின்றாள்.

கடைசிப் பெயர் அந்தோணி. தோல் ஷாப்பில் தோலைப் பதனிடும் டிரம்மை ஓட்டியவர். போன வருடம் திருநாளில் அவர் பெயர் மட்டும் பலகையில் வரவில்லை. உபதேசியார் வாயால் சொன்னார், நாங்களும் பதில் சொன்னோம். ஆனால் அவர் மனைவி பட்டம்மாள் மெழுகுவர்த்தியை ஏற்ற மறுத்துவிட்டார். "போர்டுல வரலியே. அவரு இன்னும் போய்ச் சேரல" என்றார். அதற்குப் பிறகு, ஷிப்ட் விடும் நேரத்துக்கு வாசலில் பச்சைத் தோல் வாசனை வருகிறது, அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்பூரில் எந்த வாசலில்தான் பச்சைத் தோல் வாசனை இல்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

"அக்கா, கடைசிப் பேருக்கு அப்புறம் நீங்க என்டர் அடிக்கிறதில்லையா?"

"அடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"கீழ ஒரு வரி காலியா நிக்கும் இல்ல?" அக்கா குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பா இந்தக் கல்லறையில குழி வெட்டினவரு. வெட்டின குழி ராத்திரி சும்மா கெடக்கக் கூடாதும்பாரு. ஏதோ காரணத்துல ஆள் வரலன்னா, ஒரு வாழைத்தண்டை உள்ள போட்டு மூடிட்டுத்தான் வூட்டுக்கு வருவாரு. இல்லன்னா அது யாரையாச்சும் கேக்கும்."

"அதான் விஷயம்" என்றாள் மேகலா. "கடைசில குறி இருந்தாத்தான் அது ஒரு வரின்னு அந்த போர்டுக்குத் தெரியும். முடியாத வரியை அது எண்ணாது. இன்னும் அடிச்சுனு இருக்காங்கன்னு காத்துனு இருக்கும். ஒவ்வொரு வருஷமும் கடைசியா செத்தவங்க பேரு வர்றதே இல்ல. அடுத்த வருஷம் கீழ இன்னொரு பேரு வந்ததும் மேல இருக்குறவங்க வந்துடுறாங்க. அதனால யாரும் கவனிக்கல."

"இருந்தாலும் வேணாம் பொண்ணே."

"அது காலி வரி இல்லக்கா. அந்தோணி அண்ணன் பேரோட முடிவு. அவரை முடிக்காம நிறுத்தி வெச்சிருக்கீங்க. பட்டம்மாக்கா பாவம் இல்லையா?"

"யாராச்சும் கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

"மேகலா வெட்டின குழின்னு சொல்லுங்க."

என்டரை அழுத்தினாள். அந்தோணிக்குக் கீழே ஒரு வெற்று வரியில் சின்னக் கோடு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை வீட்டில் நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது அவள் முன்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். என்ன வேலை என்று கேட்டேன். "இனிமே ஆரோக்கியமேரி அக்கா என்னைத் திட்டாம இருக்க ஒரு ஏற்பாடு" என்றாள். நான் முட்டையைத் திருப்பிப் போட்டேன்.

அவளை மதிலோரத்தில், அந்தோணிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். பெயரைக் கோப்பில் சேர்த்த அன்று ஆரோக்கியமேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஒரே வார்த்தை இதுதான்: "என்டர் அடிச்சுக் கீழ் வரிக்குப் போக வேண்டியதே இல்ல தம்பி. அது காத்துனு இருந்துச்சு."

திருநாள் அன்று வெளிச்சம் மதிலோரத்தை நோக்கி நகர்ந்து வந்தது. அந்தோணி என்று பலகையில் வந்தபோது பட்டம்மாளுக்குத் தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது, நான்தான் பிடித்து ஏற்றினேன். அடுத்தது மேகலா. நான் தீப்பெட்டியைத் திறந்தேன். பலகை சற்று நேரம் இருண்டு கிடந்தது. பிறகு முதல் பெயருக்கே போய்விட்டது. உபதேசியார் சங்கடத்தோடு அவள் பெயரை வாயால் சொன்னார். மெழுகுவர்த்தியை ஏற்றாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். கல்லறைத் தோட்டத்திலேயே ஓர் இடம் மட்டும் இருட்டாக இருந்ததைச் சாலைவரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

எனக்கு அதில் கோபம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. முடியாத வரியை அது எண்ணாது என்று அவளே சொல்லியிருந்தாள். அப்படியானால் அவள் இன்னும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. வேறு எங்கோ இருக்கிறாள்.

எங்கே என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய லேப்டாப்பை நான் மூடவில்லை. அவள் விட்டுப் போனபடியே, மின்சார ஒயரோடு, முன்னறை மேசையில் திறந்து கிடந்தது. வேலை முடிந்து ஆறு மணிவாக்கில் நான் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது, பகலெல்லாம் கறுத்துக் கிடந்த திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும். இப்போதுதான் யாரோ அதன் முன்னால் உட்கார்ந்திருந்து அடுப்படிக்கு எழுந்து போனதுபோல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாகவே இருண்டுவிடும். நான் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுவேன். விளக்கைப் போட மாட்டேன். அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே ஓவர்டைம் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்.

சில நாள் கழித்து ஒரு காலை, ஆபீஸ் போகும் வழியில் ஆரோக்கியமேரி அக்கா வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. போனை நீட்டினார். பொது ஃபோல்டரில் பெயர்க் கோப்பு. அதற்குப் பக்கத்தில் கடைசியாக மாற்றியவர் மேகலா என்றிருந்தது. நேற்றைய தேதி.

"தினம் காலையில ஆபீசுக்குப் போறேன் தம்பி. தொறந்தா அவ பேருக்குக் கீழ ஒரு வரி தொறந்து கெடக்குது. நான் அழிச்சு மூடுறேன். மறுநா காலையில மறுபடி தொறந்து கெடக்குது. திருநா அன்னிக்கும் காலையில மூடினேன், அதான் போர்டுல வரல. என்னை மன்னிச்சுக்கோ. ஆனா மூடாம எப்பிடி விடுறது?"

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஃபைல் தொடங்கின புதுசுல தெரியாத்தனமா ஒரு வரி விட்டுட்டேன். அந்த மழைக்காலத்துல எங்க வூட்டுக்காரரு பேரைத்தான் அதுல அடிச்சேன். மேகலாகிட்ட நான் அதைச் சொல்லல. சொல்லியிருந்தா அவ அழுத்தியிருக்க மாட்டா." அக்கா முன்னறையைச் சுற்றிப் பார்த்தார். "தினம் தொறக்குறாளே, யாரைக் கூப்பிடுறா? உங்களுக்குப் பிள்ளையும் இல்ல. கூப்பிட்டா உன்னைத்தான் கூப்பிடுவா."

அவர் சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை. அதை அவர் என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும். "இந்த மாதிரி மூஞ்சியை வெச்சுக்காத தம்பி" என்று சத்தம் போட்டார். அவர் வற்புறுத்தியதால்தான் ஹம்மாத்தைக் கூப்பிட்டேன்.

ஹம்மாத் மேகலாவோடு வேலை செய்தவன், அவளை அக்கா என்பான். ஞாயிற்றுக்கிழமை வந்து லேப்டாப் முன்னால் உட்காரத் தயங்கினான். நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். முதல் நாள் சாயங்காலக் கோப்பையும் அன்று காலைக் கோப்பையும் ஒப்பிட்டான். இந்தமுறை ஒரே வரிதான் மாறியிருந்தது. இடப்பக்கம் சிவப்பில் மேகலா. வலப்பக்கம் பச்சையில் மேகலா. அதே எழுத்துகள்.

"அண்ணா, இது அக்கா எழுதின சின்ன புரோகிராம். தினம் சாயங்காலம் லேப்டாப்பை அதுவே எழுப்புது. ஃபைல்ல ஒவ்வொரு வரிக்கும் முடிவுல ரெண்டு குறியும் இருக்குதான்னு பாக்குது. கடைசி வரிக்கு இல்லன்னா போட்டுட்டு மறுபடி தூங்கிடுது. பேய் பிசாசு ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டுத் திரையை மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "ரொம்ப நீட்டா எழுதியிருக்காங்க."

"அப்ப காலையில ஆரோக்கியமேரி அக்கா அழிக்கிறதை..."

"சாயங்காலம் இவங்க போட்டுடுறாங்க. தினம் இவங்க ரெண்டு பேருக்கும் சண்டை." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "நிறுத்திடட்டுமா?"

"வேணாம் பாய்."

"லேப்டாப் மூடியை மட்டும் மூடுங்க, போதும். தானே நின்னுடும்."

"வேணாம்னேன்."

போகும்போது, கடைசி வரியில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் ஆரோக்கியமேரி அக்காவுக்கும் காலியாகத் தெரியாது, மேகலா பெயரும் வரும் என்று சொல்லிவிட்டுப் போனான். அக்காவிடம் சொன்னேன். "அந்தப் புள்ளிக்கும் மெஷின் முடிவு கட்டிடுமே. அப்ப புள்ளியும் போர்டுல வரும். எல்லாரும் நின்னுனு யாருக்குன்னு பதில் சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

அப்படியே ஒரு வருடம் போயிற்று. அந்த வருடம் எங்கள் பங்கில் யாரும் இறக்கவில்லை. நல்ல செய்திதான், ஆனால் அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. காலையில் அக்கா மூடினார். சாயங்காலம் என் வீட்டில் வெளிச்சம் வந்தது. நான் இருட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். சில நாள் இரண்டு டம்ளர் டீ போட்டேன்.

மறு அக்டோபரில் மார்க்கெட்டில் பட்டம்மாளைப் பார்த்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பல்லாம் வாசல்ல வாசனையே இல்ல தம்பி. செருப்புச் சத்தமும் இல்ல. போர்டுல வந்த அன்னியோட நின்னுடுச்சு. நிம்மதியா இருக்குது." ஒரு காயைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டார். "நிம்மதின்னு சொல்லிக்கிறேன். உன் வூட்ல எப்பிடி?"

அவரிடம் மட்டும்தான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு மணி வெளிச்சம், டீ, எல்லாம். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"கம்பெனியிலயும் நாளெல்லாம் மெஷின் முன்னால. இப்ப உன் வூட்லயும் தினம் ஷிப்டா? செத்தும் அவளை எத்தினி நாளுக்குப்பா வேலை வாங்குவ?"

அன்று சாயங்காலம் திரை ஒளிர்ந்தபோது என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

திருநாளுக்கு முன்தினம் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். நாளை ஒரு நாள் மட்டும் அந்த வரியை மூட வேண்டாம் என்று கேட்டேன். ஆரோக்கியமேரி அக்கா கீபோர்டைத் துணியால் ஒருமுறை துடைத்தார். "ஒரு நாள்தான். மறுநா விடிஞ்சதும் மூடிடுவேன்" என்றார். மறுநாள் கோப்பைப் பலகைக்கு எடுத்துப் போகும்போது பென்டிரைவை ஜெபமாலையால் சுற்றி வைத்திருந்தார்.

வெளிச்சம் பழைய கல்லறைகளிலிருந்து நகர்ந்து வந்தது. சவரியம்மாள். லூர்துசாமி. அக்காவின் கணவர் பெயர் வந்தபோது அக்கா ஏற்றிவிட்டு என் பக்கம் வந்து நின்றார். அந்தோணி. பட்டம்மாள் இந்தமுறை தானே ஏற்றினார்.

மேகலா.

"மேகலா, இன்பராஜின் மனைவி" என்று உபதேசியார் வாசித்தார். எல்லோரும் பதில் சொன்னார்கள். என் வாயிலிருந்தும் அந்தப் பதில் வந்தது. போன வருடத்து மெழுகுவர்த்தியையே கொண்டுவந்திருந்தேன். முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது.

அப்புறம் பலகை இருண்டது. முதல் பெயருக்குத் திரும்பும் முன்பு ஒவ்வொரு வருடமும் அப்படி இருளத்தான் செய்யும், கோப்பை முதலிலிருந்து படிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வரி திறந்து கிடக்கும் செய்தி எப்படியோ பரவியிருந்தது. தோட்டம் முழுக்க மெழுகுவர்த்திகள் எரிந்தன. எல்லோரும் அந்தக் கறுத்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆரோக்கியமேரி அக்கா என் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அடுத்து என் பெயர் வந்தால் வாசித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்றா என்று பின்னால் பலரிடம் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

முதல் பெயர் வந்தது. எங்கும் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அக்கா என் சட்டையை விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது முன்னறை இருட்டாக இருந்தது. ஆறு மணி எப்போதோ தாண்டியிருந்தது. விளக்கைப் போட்டேன். லேப்டாப் மேல் ஒரு வருடத்துத் தூசி இருந்தது, துண்டால் துடைத்தேன். விசைகளில் என்டர் மட்டும் வழவழப்பாக இருந்தது. மூடியை மூடினேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஆரோக்கியமேரி அக்கா போன் செய்தார்.

"தம்பி, அன்னிக்கு விடிஞ்சதும் மூடிட்டேன். மறுநா பாத்தேன், தொறக்கல. இன்னிக்கும் தொறக்கல."

"லேப்டாப்பை மூடிட்டேன்கா."

"ஓ." அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "நல்லதுதான். காலையில வந்ததும் அதைத்தான் மொதல்ல பாப்பேன். பழகிப்போச்சு."

வைத்துவிட்டார். இதை எழுதும் இன்றும் அந்தக் கோப்பில் கடைசிப் பெயர் மேகலாதான்.